டேப்பு அக்கா எடுத்த அளவு

அந்தப் பேச்சு தங்கைக்கு ஒரு சொல் பிசகாமல் நினைவிருக்கிறது.

கடை திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அக்கா வெட்டும் மேசையில் ஒரு ஹோட்டல் மேனேஜரின் கால்சட்டையைப் புரட்டிப் போட்டு இடுப்புப் பட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வாயில் நாலைந்து குண்டூசிகள். தங்கை கைபேசியில் வந்திருந்த அறிவிப்பை இன்னொரு தடவை படித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தாள்.

“அக்கா, தீயணைப்புல பொம்பளைங்களை எடுக்கறாங்க.”

“எடுத்து?”

“வேலைக்குக்கா.”

“உயரம்?”

“போதும்.”

“வயசு?”

“இதான் கடைசி வருஷம். அடுத்த தடவை கூப்பிடும்போது எனக்குத் தாண்டிடும்.”

“படிப்பு?”

“அது தேவைக்கு மேலயே இருக்கு.”

“இருக்காதா பின்ன? ரெண்டு பாஷைல படிக்க வச்சேன், ரெண்டுலயும் வாயத் திறக்க மாட்டேங்கற. சரி, என்னமோ முழுங்கறியே, அதைச் சொல்லு.”

தங்கை உண்மையிலேயே எச்சிலை விழுங்கினாள். “உடம்புல கொழுப்பு முப்பது பர்சென்டுக்கு மேல இருந்தா எடுக்க மாட்டாங்களாம்.”

அக்கா வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். முக்கியமான பேச்சென்றால்தான் அவள் வாயைக் காலி செய்வாள்.

“கொழுப்பையா? அதை எப்படிடீ கண்டுபிடிப்பாங்க? அறுத்துப் பாத்தா?”

“டேப்பு வச்சுதான். கழுத்து, இடுப்பு, பின்பக்கம், மூணு சுற்றளவு. அதோட உயரம். போன்ல போட்டா அதுவே கணக்குப் பண்ணிச் சொல்லிடும். வீட்டிலயே பாத்துக்கலாம்னு போட்டிருக்கான்.”

“டேப்பா!” அக்கா சிரித்த சிரிப்பில் வாசலில் நின்ற இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். “மெஷினு, கரண்டு, ரத்தம்னு ஏதாவது சொல்லுவேன்னு பாத்தேன். டேப்பு! வந்து நில்லுடீ இங்க.”

தங்கை கண்ணாடி முன் நின்று மோவாயைத் தூக்கினாள். டேப் கழுத்தைச் சுற்றியது, இடுப்பைச் சுற்றியது, பின்பக்கத்தைச் சுற்றியது. அக்கா எண்களைச் சொல்லச் சொல்லத் தங்கை கைபேசியில் தட்டினாள்.

“என்னடீ சொல்லுது?”

“முப்பத்தஞ்சு.”

“நூத்துல முப்பத்தஞ்சு வெறும் வெண்ணெயா? உன்னை உருக்கினா இந்தத் தெருவுக்கே ஒரு மாசம் சமையல் ஆகும்.”

“இன்னும் நாலஞ்சு மாசம் இருக்குக்கா. குறைச்சிடறேன்.”

“நீ ஒண்ணும் குறைக்க வேண்டாம்,” என்று சொல்லி அக்கா ஊசிகளை மறுபடி வாய்க்குள் போட்டுக்கொண்டாள். “நான் குறைக்கறேன். ஆல்டரேஷன் இந்த வீட்ல யார் வேலை?”

தெருவில் அக்காவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டேப்பு அக்கா, அவ்வளவுதான். தலை நரைத்தவர்களுக்கும் அக்கா, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கும் அக்கா. மஞ்சள் டேப் எந்நேரமும் கழுத்தில் கிடக்கும். சாப்பிடும்போதும் கிடக்கும், குப்பை கொட்டப் போகும்போதும் கிடக்கும். ஆட்களை அவள் இடுப்பளவில்தான் நினைவு வைத்திருந்தாள். “நாப்பத்திரண்டு வந்துட்டுப் போச்சா?” என்பாள். “அந்த இருபத்தெட்டு இருக்காளே, அவளுக்கு நாக்கு மட்டும் நாப்பது,” என்பாள்.

கடை ஒரே அறை. தெருவைப் பார்த்த ஷட்டர், இரண்டு தையல் மெஷின், வெட்டும் மேசை, திரை போட்ட ஒரு மூலை, ஆளுயரக் கண்ணாடி. வாசலில் பாதியை இஸ்திரிக்காரருக்கு விட்டிருந்தாள். பக்கத்துப் படியில் ஏறினால் வீடு. அங்கேயும் ஒரு அறைதான். ஒரு கட்டில், தரையில் ஒரு பாய், ஒரு சமையலறை. அக்கா உள்ளே வருவதற்குக் கதவைத் தட்டிய வழக்கம் அந்த வீட்டில் இல்லை. குளியலறையைத் தவிர, தட்டுவதற்குக் கதவும் இல்லை.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அக்கா பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்தாள். சீருடையைக் கழற்றினாள்; அதையே தங்கைக்குச் சின்னதாக வெட்டித் தைத்தாள்; மெஷினில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள்தான். அதை அவள் ஒருநாளும் தியாகம் என்று சொல்லிக் காட்டியதில்லை. “உன்னால” என்று மட்டும் சொல்வாள். சோறு போடும்போது, கரண்ட் போனால், முதுகு பிடித்துக்கொண்டால், காயப்போட்ட துணி மழையில் நனைந்தால், எல்லாவற்றுக்கும் “உன்னால.”

விண்ணப்பத்தைக் கொடுக்கத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன அன்று, தங்கை அங்கே பெண்கள் தங்கும் அறை ஒன்றைத் திறந்த கதவு வழியே பார்த்தாள். இரும்புக் கட்டில், சின்ன மேசை, ஒரு ஜன்னல். கதவின் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். மற்றவர்கள் சம்பளத்தைப் பற்றியும் சீருடையைப் பற்றியும் பேசிக்கொண்டு நின்றார்கள். இவளுக்குக் கண் அந்தத் தாழ்ப்பாளைவிட்டு நகரவில்லை. வேலை கிடைத்தால் அந்த அறை. அந்த அறைக்குள் “உன்னால” வராது.

அக்காவுக்கும் அந்த வேலை வேண்டும். வேறு காரணத்துக்காக. அடுத்தவன் இடுப்பை நம்பாத ஒரு சம்பளம் இந்த வீட்டுக்கு வர வேண்டும் என்பாள்.

அளவெடுப்பதில் அக்காவுக்கு ஒரு கைப்பழக்கம் இருந்தது. டேப்புக்கும் உடம்புக்கும் நடுவே விரல் போகும். கழுத்துக்கு ஒரு விரல், இடுப்புக்கு இரண்டு, பின்பக்கத்துக்கு நாலு. உடுப்புப் போட்டவன் உட்கார வேண்டும், குனிய வேண்டும், வயிறு முட்டச் சாப்பிட்டாலும் பித்தான் தெறிக்கக் கூடாது. அவள் தைத்தது இறுக்கிப் பிடிக்கிறது என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை. ஹோட்டல்காரர்கள், பள்ளிக்கூடத்துக்காரர்கள், காவல் வேலைக்கு ஆள் அனுப்புகிறவர்கள் எல்லோரும் சீருடைக்கு அவளைத் தேடி வந்தது அதனால்தான். கண் இமைப்பது எப்படி நினைத்துச் செய்வதில்லையோ, அப்படித்தான் அவளுக்கு விரல் செருகுவதும். தங்கைக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து டேப் என்றால் அதற்குள் அக்காவின் விரல் இருக்கும். டேப்பில் எண் இருப்பதுபோல அதுவும் ஒன்று.

ஆல்டரேஷன் மறுநாளே தொடங்கியது.

சமையலறை அலமாரிக்குப் பூட்டு வந்தது. காலையில் அவித்த முட்டை, மஞ்சள் கரு நீங்கலாக. மதியம் அரைக் கரண்டிச் சோறும் வெந்த கீரையும். இரவுக்கு வெள்ளரிக்காய். அக்கா எதிரே உட்கார்ந்து வழக்கம்போல வயிறாரச் சாப்பிட்டாள். தங்கையின் கண் தட்டில் விழுந்தால், “என்னை ஏன்டீ பாக்கற? எனக்குக் கொழுப்பு இருந்தா எந்த ஆபீஸ்ல கேக்கப் போறாங்க?” என்பாள்.

தங்கையிடம் இருந்தவை இரண்டு கால்சட்டைகள். இரண்டையும் வாங்கி இடுப்பில் அரை இஞ்ச் பிடித்துத் தைத்தாள். மற்றவர்களுக்கு உடம்பு குறைந்த பிறகு துணியைக் குறைப்பது வழக்கம். தங்கைக்குத் துணி முதலில், உடம்பு பிறகு. சில வாரம் கழித்து இன்னொரு அரை இஞ்ச். பட்டியின் உள்பக்கம் ஒரு குண்டூசியையும் குத்தி வைத்தாள், முனை வயிற்றைப் பார்க்க. கூன் போட்டால் குத்தும். மூச்சைத் தளர விட்டாலும் குத்தும்.

“அக்கா, குத்துதுக்கா.”

“குத்தினா கொழுப்பு இருக்குன்னு அர்த்தம்.”

“குத்தலைன்னா?”

“ஊசிய இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளணும்னு அர்த்தம்.”

விரலளவு இடம் விடாமல் அக்கா தைத்த உடுப்பு அவள் வாழ்நாளில் அவை இரண்டுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அளவு. மேலே வீட்டிலேயே எடுத்திருக்கலாம். அக்கா கடையில்தான் எடுப்பாள், ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டு. கண்ணாடி அங்கேதான் இருக்கிறது என்பது அவள் சொன்ன காரணம். துணி வாங்க வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். முதல் நாள் சொன்ன “வெண்ணெய்” அப்படியே பெயராக ஒட்டிக்கொண்டது. “வெண்ணெய் இந்த வாரம் எவ்வளவு உருகிச்சு?” என்று இஸ்திரிக்காரர் கேட்பார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்டவரல்ல. இன்றைக்கு மழை வருமா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார்.

“முப்பத்தி நாலு,” என்பாள் அக்கா. “உருகலண்ணே. ஃப்ரிட்ஜ்ல வச்ச மாதிரி கெட்டியா இருக்கு.”

பெஞ்சு சிரிக்கும். தங்கை மோவாயைத் தூக்கியபடி கூரையில் ஒட்டடையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இந்தச் சிரிப்பெல்லாம் அந்தத் தாழ்ப்பாள்வரைக்கும்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள்.

ஒருநாள் இஸ்திரிக்காரர் மடித்த சட்டைக்குள் வைத்து ஒரு வாழைப்பழத்தை அவளிடம் நீட்டினார். “சீக்கிரம் முழுங்கிடு. கண்ணுக்குக் கீழ கறுத்துப் போச்சு உனக்கு.” திரைக்குப் பின்னால் போய் இரண்டே வாயில் விழுங்கினாள். அக்காவுக்கு எங்கிருந்துதான் மூக்கு வேர்க்குமோ, குப்பைக் கூடையைக் கிளறித் தோலைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“அண்ணே, உங்க பழம் எங்க போய் ஒட்டியிருக்குன்னு பாக்கறீங்களா? வாடீ இங்க.”

கடையில் அப்போது மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே தங்கையை நிறுத்தி இடுப்பில் டேப்பைச் சுற்றினாள். “பாருங்க. ஞாயித்துக்கிழமைய விட அரை இஞ்ச் ஏறியிருக்கு.”

“ஒரு பழத்துக்காம்மா அரை இஞ்ச்?” என்றார் இஸ்திரிக்காரர்.

“டேப்பு பொய் சொல்லுமா? நாளைக்கு இவ வேலை கிடைக்காம இங்க உக்காந்தா, நீங்களா சோறு போடுவீங்க?”

அவர் பிறகு எதுவும் கொடுக்கவில்லை. கண்ணுக்குக் கீழே பார்ப்பதையும் விட்டுவிட்டார்.

தேர்வில் அளவு மட்டுமல்ல, ஓட்டமும் உண்டு. நனைந்த குழாய்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு மாடி ஏற வேண்டும். தங்கை அதற்காக மணல் மூட்டையோடு மொட்டைமாடிக்கு ஓடிப் பழகினாள். சின்ன வயதிலிருந்தே துணிப் பொதி தூக்கிய தோள். ஆரம்பத்தில் மேலே போய்க் கீழே வந்து, மூச்சு வாங்காமல் மறுபடி ஏறுவாள். மூன்றாம் மாதத்தில் பாதிப் படியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மூட்டையிலிருந்து மணலை அள்ளிக் கொட்ட வேண்டி வந்தது. தலை சீவினால் சீப்போடு முடி வந்தது. மாதாமாதம் வருவது வரவில்லை.

“அக்கா, மூட்டையைத் தூக்க முடியலக்கா. அதுலயும் பாஸ் பண்ணணும்.”

“முதல்ல உன்னை உள்ள விடட்டும். முப்பதுக்கு மேல இருந்தா அந்த மூட்டையைத் தொடக்கூட விட மாட்டான். இந்த வாரம் எவ்வளவு?”

“முப்பத்திரண்டு.”

“அப்புறம் என்ன பேச்சு?”

அந்தக் கணக்கில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தங்கை மூட்டையிலிருந்து இன்னொரு கை மணலை அள்ளிக் கொட்டினாள்.

அந்த வாரம்தான் அவள் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, கடையில் கிடந்த வேறொரு டேப்பால் தன்னைத் தானே அளந்தாள். ஈர உடம்பில் டேப் ஒட்டிக்கொண்டது. ஒரு கையால் பிடித்து, மறுகையால் சுற்றி, எண்ணைப் படித்துக் கைபேசியில் போட்டாள். இருபத்தேழரை. நம்பாமல் மறுபடி அளந்தாள். இருபத்தேழரைதான். துண்டைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். அவள் அப்படி ஓடி அக்கா பார்த்து வருஷக்கணக்காகியிருக்கும்.

“அக்கா! இருபத்தேழரை! நானே எடுத்தேன்.”

அக்கா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“எங்க வச்சு எடுத்த?”

“குளிக்கும்போது.”

“வயித்தை உள்ள இழுத்துக்கிட்டா?”

“இல்லக்கா. சாதாரணமாத்தான்...”

“ஃபோட்டோ எடுக்கும்போது எல்லாரும் இழுக்கற மாதிரி இழுத்திருப்ப. டேப்பையும் சேத்து இறுக்கியிருப்ப. தன் உடம்பைத் தானே அளக்கறவ எவ நிஜம் சொல்லுவா? என்கிட்ட வர்ற முப்பத்தாறெல்லாம் முப்பத்திரண்டுன்னுதான்டீ சொல்லிட்டு வருது.” கரண்டியைக் கழுவிக்கொண்டே கேட்டாள், “உன் கை நிஜமா, என் கை நிஜமா?”

தங்கை தன் கையைப் பார்த்தாள். அது மெஷின் பெல்ட்டைக்கூட ஒழுங்காக மாட்டத் தெரியாத கை என்று சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். “உன் கைதான்க்கா,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பெஞ்சு நிறையும்வரை காத்திருந்து அக்கா அதைச் சொன்னாள். “கேட்டீங்களா? நம்ம வெண்ணெய் பாத்ரூம்ல போய் டாக்டரம்மா ஆயிட்டா.” அன்றைக்குச் சிரிப்பு அடங்கவே நேரம் ஆனது.

தேர்வுக்கு முந்தின நாள் காலையில் கைபேசி இருபத்தொன்பது புள்ளி எட்டு என்றது. அக்கா டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு தங்கையின் கன்னத்தை இரண்டு விரலால் நிமிண்டினாள். அந்தக் கன்னத்தில் நிமிண்டப் பெரிதாக எதுவும் இல்லை.

“பாத்தியா? தைச்சுட்டேன் உன்னை.” ஷட்டர் பக்கம் திரும்பி இஸ்திரிக்காரருக்குக் கேட்கும்படி, “இறங்கிடுச்சுண்ணே!” என்று கத்தினாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “புள்ளி ரெண்டுதான் கையில இருக்கு. நாளைக்கு முடியறவரைக்கும் எதுவும் தின்னாத. தண்ணியும் வேணாம். தண்ணியும் சுற்றளவுதான்.”

மைதானத்தில் வெயில் ஏறியிருந்தது. கூடாரத்துக்குள் ஒரு பெண் அதிகாரி மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். டேப் நேரே தோலில் பட்டது. குளிர்ந்திருந்தது. சுற்றிலும் ஒட்டிக்கொண்டு, கொஞ்சம் அழுத்தி, ஒரு கோடு பதித்துவிட்டு எடுபட்டது. அந்த டேப்பே முன்பின் தெரியாத ஒன்றுபோல இருந்தது அவளுக்கு. எதனால் அப்படி என்று அந்த நேரத்தில் விளங்கவில்லை.

மூன்று அளவையும் கணக்கில் போட்டுவிட்டு, “இருபத்தஞ்சு,” என்றார் அதிகாரி. “போ. அடுத்த ஆள் வா.”

“மேடம், தப்பா இருக்கும். இன்னொரு தடவை பாருங்க.”

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். “எல்லாரும் கூடப் போட்டுட்டேன்னு சண்டை பிடிப்பாங்க. நீ என்னம்மா, குறைச்சுப் போட்டுட்டேன்னு பிடிக்கற?” மறுபடி அளந்தார். இருபத்தைந்துதான். வரிசையில் பின்னால் நின்றவள், “கொழுப்பு பத்தலையாம்டீ இவளுக்கு. என்கிட்ட இருக்கு, வாங்கிக்கச் சொல்லு,” என்றாள். வரிசை சிரித்தது.

குழாய்ச் சுருளைத் தோளில் வைத்தார்கள். நனைந்த ரப்பர் வாடை. முதல் மாடி ஏறினாள். இரண்டாவது மாடியின் திருப்பத்தில் படிகள் தாமாக மேலே நகர்வதுபோலத் தெரிந்தன. காலை எங்கே வைப்பது என்று யோசித்தாள். யோசித்துக்கொண்டிருக்கும்போதே கீழே கிடந்தாள். குழாய் மட்டும் படிப்படியாகக் குதித்து இறங்கும் சத்தம் கேட்டது.

“கடைசியா எப்ப சாப்பிட்ட?” அதிகாரி அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தார்.

அவள் சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தாள்.

“இன்னொரு தடவை ஏறவா மேடம்?”

“ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான்மா. அடுத்த தேர்வுக்கு வா.”

“வயசு தாண்டிடும்.”

அதிகாரி அவள் கையில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தை வைத்துவிட்டு எழுந்து போனார். கூடாரத்துக்குப் பக்கத்தில் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது. “அளவுல அவ்வளவு நல்லா வந்துட்டு, ரெண்டு மாடி ஏற முடியல பாரு. வெறும் கூடு.”

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, “முப்பதைத் தாண்டிடுச்சா?”

“இருபத்தஞ்சுக்கா.”

“அப்ப கிடைச்சிடுச்சா?”

“ஏறும்போது மயங்கி விழுந்துட்டேன்.”

அக்கா அந்தக் கடைசி வாக்கியத்தைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. “இருபத்தஞ்சா? அவ டேப்பு பழசா இருக்கும். நைஞ்ச டேப்பு இழுபட்டு நீண்டுக்கும், அளவு குறைச்சுக் காட்டும். வா, நில்லு.”

“வேணாம்க்கா.”

“நில்லுடீ!”

கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே அவர்கள் இருவர் மட்டும். தங்கை அன்றைக்குக் கூரை ஒட்டடையைப் பார்க்கவில்லை. மோவாயைத் தூக்கவும் இல்லை. கண்ணாடியில் டேப் பின்பக்கத்தைச் சுற்றி வருவதையும், அது சேரும் இடத்தில் அக்காவின் நாலு விரல்கள் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வதையும் பார்த்தாள். இடுப்பில் அதிகாரியின் டேப் ஒட்டி அழுத்தியது இன்னும் நினைவிருந்தது. அதற்குள் விரல் போக இடமே இருந்திருக்காது.

“பாரு, அதே இருபத்தொம்போது புள்ளி எட்டுதான் வரும். நான் சொல்லல?”

“அக்கா, விரலை எடு.”

“எந்த விரல?”

“உள்ள இருக்கற விரல.”

அக்கா குனிந்து பார்த்தாள். வேறு யாருடைய கையோ அங்கே மாட்டிக்கொண்டதுபோலப் பார்த்தாள். மெதுவாக உருவினாள். டேப் தொளதொளவென்று தொங்கியது. இழுத்துப் பிடித்தாள், எண் இறங்கியது. இடுப்பிலும் இறங்கியது. கழுத்தில் கொஞ்சம் இறங்கியது. தங்கை கைபேசியில் போட்டாள். இருபத்தைந்து.

பிறகு அவள் முதல் நாள் எண்களைப் போட்டாள். அவற்றை மறக்கவா முடியும்? விரல்களைக் கழித்துக்கொண்டு போட்டாள். முப்பதரை வந்தது. அன்றைக்கே முப்பதரை. இரண்டு வாரம் ராத்திரிச் சோற்றைக் கொஞ்சம் குறைத்திருந்தால் போதும். மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடிய அந்தத் தோளோடு போய் நின்றிருக்கலாம். கைபேசியை அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

அக்கா அதை வெகு நேரம் பார்த்தாள். திரை அணைந்தது. அணைந்த திரையையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன்டீ,” என்றாள் கடைசியில். “என் கை உள்ள இருந்தது உனக்குத் தெரியாது? உன் உடம்புதானே?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா சொல்லல?”

“நீ எடுத்தா அப்படித்தான்க்கா எடுப்ப.”

“பாரு,” என்று அக்கா டேப்பைச் சுருட்டத் தொடங்கினாள். சுருள் இரண்டு தடவை அவிழ்ந்தது. “உன்னால இப்ப என் கை மேலயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு.”

அவ்வளவுதான் அதைப் பற்றி அவர்களுக்குள் நடந்த பேச்சு. தங்கை மறுநாள் இரண்டாவது மெஷினில் உட்கார்ந்தாள். பாவாடை ஓரம் மடிப்பது, பித்தான் தைப்பது, கிழிந்த பையை மாற்றுவது. போவதற்கு வேறு இடம் இல்லை. அலமாரிப் பூட்டை யாரும் கழற்றவில்லை. சாவி மட்டும் அதிலேயே தொங்கியது. சாப்பிட உட்கார்ந்தால் நாலு வாய்க்கு மேல் அவளுக்கு இறங்குவதில்லை. கால்சட்டையிலிருந்த ஊசியை அவளே எடுத்து டப்பாவில் போட்டாள்.

தெருவுக்கு விஷயம் அரைகுறையாகப் போய்ச் சேர்ந்தது. தேர்வு மைதானத்திலிருந்து யாரோ யாரிடமோ சொல்லி, ஒருநாள் இஸ்திரிக்காரர் துணியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். “ஏம்மா, அங்க இருபத்தஞ்சுன்னாங்களாமே? நீங்க முப்பதுன்னுதானே சொன்னீங்க?” அக்கா வாயில் ஊசி இருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தாள். ஆனால் அன்று அளவெடுக்கும்போது அவளுடைய விரல் டேப்புக்குள் போய், வெளியே வந்து, மறுபடி போனது. அந்த வாடிக்கையாளர், “என்னக்கா, மறந்து போச்சா?” என்று கேட்டுவிட்டார்.

அந்த வாரக் கடைசியில், மதியம், அக்கா தங்கையை மேலே கூப்பிட்டாள். தட்டில் சோற்றைக் குவித்தாள். முழு முட்டை இரண்டு வைத்தாள். தானும் எதிரே உட்கார்ந்தாள், தட்டில்லாமல். தங்கை பிசைந்தாள், தின்னவில்லை.

“உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்,” என்றாள் அக்கா. அதுவரைக்கும் அவள் செய் என்றுதான் சொல்லியிருக்கிறாள், கேட்டதில்லை.

“கேளு.”

“திங்கக்கிழமை அந்த ஹோட்டல் மேனேஜர் வர்றார். சமைக்கறவன்லேந்து வாசல்ல நிக்கறவன் வரைக்கும் எல்லாருக்கும் சீருடை. அம்புட்டுப் பேருக்கும் அளவு. இது கைவிட்டுப் போனா நீயும் நானும் ஷட்டரை இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான். இஸ்திரிக்காரர் வாய் சும்மா இருக்காது. அவர் காதுல ஏதாவது போட்டிருப்பார். மேனேஜர் உன்னைக் கேப்பார்.”

“என்னன்னு?”

“என்ன ஆச்சும்மா, அக்கா அளவுல தப்பான்னு கேப்பார். நீ இல்லைன்னு சொல்லு. நான்தான் அக்காவுக்குத் தெரியாம ஒளிச்சு ஒளிச்சுத் தின்னேன், மாட்டிக்கக் கூடாதுன்னு கடைசி நேரத்துல பட்டினி கிடந்தேன், அதுல ஒரேயடியா இறங்கிடுச்சு, மயக்கமும் வந்துடுச்சுன்னு சொல்லு.”

தங்கை சோற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “நான் தின்னேன்னா?”

“ஆமா.”

“என்னைப் பத்தி என்ன நினைப்பாங்கக்கா?”

“உன் பேரை வச்சா நாம சாப்பிடறோம்?” அக்கா எழுந்து, தட்டின் ஓரத்தில் சிந்தியிருந்த சோற்றை விரலால் ஒதுக்கி நடுவில் தள்ளினாள். “சொல்லுவியா? கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே சொல்லு. அப்பதான் நம்புவாங்க.”